திறக்க மறுக்கும் கதவு: வாஷிங் மெஷின் பூட்டைப் புரிந்துகொள்வோம்

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் ஒரு வீடு, பெருநாளுக்கு முந்தைய இரவு. நான்கு வெள்ளை ஜுப்பாக்களும் பிள்ளைகளின் உடுப்புகளும் வாஷிங் மெஷினுக்குள் கிடந்தன. கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, கதவுதான் திறக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு மகன் தட்டை முனை ஸ்குரூ டிரைவரைக் கதவின் விளிம்பில் செருகி நெம்பத் தொடங்கியிருந்தார். “தம்பி, கொஞ்சம் பொறுங்கள்” என்று ஓடிப்போய்த் தடுத்தேன். “கதவு உடைந்தாலும் பரவாயில்லை மகன், விடிந்தால் தொழுகைக்கு உடுப்பு வேண்டும்” என்றார் அவருடைய உம்மா.

கதவை உடைக்க வேண்டி வரவில்லை. மெஷினின் வலது கீழ் மூலையில் இருந்த சிறிய மூடியைத் திறந்து, தேங்கியிருந்த தண்ணீரை வடித்து, உள்ளே இருந்த வடிகட்டியைக் கழற்றினேன். ஓர் இரண்டு ரூபாய் நாணயம், முக்காட்டில் குத்தும் ஊசிகள் மூன்று, கடற்கரை மணல் ஒரு பிடி. எல்லாவற்றையும் கழுவிப் பூட்டி, மின்சாரம் கொடுத்து, தண்ணீரை வெளியேற்றும் சுற்றை ஓடவிட்டேன். அது முடிந்து இரண்டு நிமிடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது.

மெஷின் திருத்தும் இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: கதவு திறக்காத மெஷினில் கோளாறு பெரும்பாலும் கதவில் இல்லை, காலடியில் இருக்கிறது. பூட்டு ஒரு காவலாளி. உள்ளே ஆபத்து இல்லை என்று தகவல் வரும்வரை அது வழிவிடாது. ஆகவே பூட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டு, எந்தத் தகவலுக்காக அது காத்திருக்கிறது என்று தேட வேண்டும். அதற்கு அதன் வேலையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவுள்ள மெஷினைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். நம் ஊர்களில் பல வீடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் இரட்டைத் தொட்டி மெஷினில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் பிழியும் தொட்டியின் மூடியைத் தூக்கினால் பிரேக் பிடித்துத் தொட்டி நின்றுவிடும். மேற்பக்கம் திறக்கும் தானியங்கி மெஷின்கள் பலவற்றில் பூட்டு உண்டு. ஆனாலும் மூடியைத் திறந்தால் தண்ணீர் கொட்டாது. முன்கதவு மெஷினில் தண்ணீர் கதவுக்கு நேர் பின்னால் நிற்கிறது. நடுவில் திறந்தால் பத்து லீட்டருக்கு மேல் சவர்க்காரத் தண்ணீர் சமையலறைத் தரையில் ஓடும். பக்கத்திலேயே மின்சாரப் பிளக் இருக்கும்.

தண்ணீரை விடப் பெரிய ஆபத்து வேகம். பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1000 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1400 வரை சுற்றும் மெஷின்களும் உண்டு. டிரம்மின் விட்டம் 48 சென்ரிமீற்றர் என்றால் ஒரு சுற்றில் அதன் விளிம்பு ஒன்றரை மீற்றர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 1500 மீற்றர், மணிக்கு 90 கிலோமீற்றர். கல்முனை வீதியில் எந்த பஸ்ஸும் போகக்கூடாத வேகம் அது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த டிரம் உடனே நிற்காது. ஒரு பிள்ளை அதற்குள் கையை விட்டால் என்ன நடக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. வீட்டுச் சலவை இயந்திரங்களுக்கென்று ஐ.இ.சி. 60335-2-7 என்ற தனியான சர்வதேசப் பாதுகாப்புத் தரமே இருக்கிறது. கதவுப் பூட்டை யாராவது ‘நேராக இணைத்துவிடுகிறேன்’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தப் பூட்டுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவு பூட்டப்பட்டால்தான் மோட்டருக்கு மின்சாரம் போகும் வழி திறக்கும். அதைக் கம்பி போட்டு இணைத்துவிட்டால் கதவு திறந்திருக்கும்போதும் டிரம் சுற்றும்.

பூட்டுக்குள் நடப்பது

கதவின் ஓரத்தில் கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தும்போது அது மெஷினின் முகப்பிலுள்ள துளைக்குள் போய் மாட்டுகிறது. துளைக்குப் பின்னால், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறது. அதுதான் பூட்டு. அதில் இரண்டு வகை பரவலாக இருக்கின்றன. உங்கள் வீட்டில் எந்த வகை என்பதை அறிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முதல் வகை சூட்டால் வேலை செய்வது. மின்னழுத்தியில் இருக்கும் ஈருலோகக் கீலத்தைப் பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள். வேறுவேறு அளவில் விரிகின்ற இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு சூடானால் ஒரு பக்கம் வளையும். இந்தப் பூட்டுக்குள் அதே கீலம் ஒரு சிறிய பீங்கான் வில்லையோடு சேர்ந்திருக்கிறது. மெஷினைத் தொடங்கியதும் வில்லைக்கு மின்சாரம் போகிறது. சில வினாடிகளில் அது சூடாகிறது. கீலம் வளைந்து ஒரு சிறு ஊசியைத் தள்ளுகிறது. ஊசி கொக்கியைப் பிடித்திருக்கும் தகட்டை அசையவிடாமல் நிறுத்துகிறது. கதவு பூட்டியாயிற்று. அந்த வில்லையிடம் ஒரு நல்ல குணம் உண்டு: சூடு ஓர் அளவைத் தாண்டினால் அதன் மின்தடை கிடுகிடுவென ஏறிவிடும். அதனால் அது எரிந்துபோகாமல் ஒரே சூட்டில் மணிக்கணக்காக நிற்கும்.

சலவை முடிந்தவுடன் கதவு ஏன் திறப்பதில்லை என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் சூடு நிற்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் உடனே ஆறுமா? கீலம் ஆறி, நிமிர்ந்து, ஊசியை விடுவதற்கு ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை எடுக்கும். டிரம் முழுவதும் நின்றுவிடுவதற்கான அவகாசமும் அதற்குள் கிடைத்துவிடுகிறது. இந்த மூன்று நிமிடத்துக்குள் கைப்பிடியை இழுத்து உடைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பூட்டு பழுதில்லாமல் இருந்தது. ஆறும்வரை அவர்கள் பொறுக்கவில்லை.

இரண்டாவது வகையில் ஒரு வரிச்சுருள், அதாவது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச் சுருள், இருக்கிறது. பூட்டுவதற்கு ஒரு கணநேர மின்துடிப்பு, திறப்பதற்கு இன்னொன்று. நடுவில் மின்சாரமே தேவையில்லை. புதிய மெஷின்கள் பலவற்றில் இருப்பது இதுதான். சலவை முடிந்ததும் ‘டக்’ என்று உடனே திறந்துவிடும். ஆனால் திறக்கும் துடிப்பு வருவதற்குள் மின்சாரம் போய்விட்டால் இந்தக் கதவு பூட்டியது பூட்டியபடியே கிடக்கும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் போனது. ஞாயிறு காலை என்றால் எத்தனை வீடுகளில் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கும்! 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நடுவில் மின்சாரம் போனால் இரண்டு வகைப் பூட்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். துடிப்பு வகை பூட்டியபடி நிற்கும். மின்சாரம் வந்ததும் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடரும், அல்லது தண்ணீரை வெளியேற்றிவிட்டுத் திறக்கும். சூட்டு வகையோ சில நிமிடத்தில் ஆறி, உள்ளே தண்ணீர் நிற்கும்போதே திறக்க விட்டுவிடும். கதவு திறக்கிறதே என்று மகிழ்ந்து இழுத்தால் வெள்ளம்தான். ஆகவே எந்த வகையானாலும் முதலில் குனிந்து கண்ணாடி வழியே பாருங்கள். தண்ணீர் கதவின் கீழ் விளிம்புக்கு மேலே தெரிந்தால் கைப்பிடியைத் தொட வேண்டாம்.

மெஷின் தண்ணீரை எப்படி அறிகிறது

ஒரு வெறும் டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் நேராக அமுக்கிப் பாருங்கள். உள்ளே அகப்பட்ட காற்று அமுங்கி, உங்கள் கையை மேலே தள்ளும். ஆழமாக அமுக்க அமுக்கத் தள்ளலும் கூடும். மெஷினும் இதையேதான் செய்கிறது. தொட்டியின் அடியில் ஒரு சிறு காற்றறை. அதிலிருந்து மேலே போகும் மெல்லிய ரப்பர் குழாய். குழாயின் முடிவில் அழுத்தத்தை உணரும் ஓர் ஆளி அல்லது உணரி. தொட்டியில் தண்ணீர் ஏறினால் குழாயிலுள்ள காற்று அமுங்கும். அந்த அமுக்கத்தை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மெஷின் கணக்கிடுகிறது.

இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் முடிகின்றன. மின்சாரம் இருக்கும்போது, தண்ணீர் உண்மையிலேயே உள்ளே நின்றால் பூட்டு திறக்காது. தண்ணீர் போய்விட்டது, ஆனால் அந்தக் காற்றறையிலோ குழாயிலோ சவர்க்காரப் படிவு அடைத்து அமுக்கம் குறையாமல் இருந்தாலும் பூட்டு திறக்காது. தொட்டியில் நுரை நிறைந்திருந்தாலும் இதே கதைதான். தண்ணீரை வெளியேற்றும் பம்பால் நுரையை ஒழுங்காக வெளியே தள்ள முடியாது. அதற்குத் தண்ணீர் வேண்டும். கையால் தோய்க்கும் சலவைத் தூளை முன்கதவு மெஷினில் அள்ளிப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அந்தத் தூள் நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. முன்கதவு மெஷினுக்கான தூள் குறைவாக நுரைக்கும்படி செய்யப்பட்டது. கண்ணாடி முழுவதும் வெள்ளை நுரை தெரிந்தால் மெஷினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரை தானாகவே அமரும். பிறகு தண்ணீரை வெளியேற்றும் சுற்றை ஓடவிடுங்கள்.

சுடுநீரில் தோய்த்திருந்தால் இன்னொரு காரணமும் சேரும். உள்ளே தண்ணீர் சூடாக இருக்கும்போது கதவைத் திறக்கவிடாதபடி பல மெஷின்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வேறு மருந்து இல்லை.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் முகப்பைப் பாருங்கள். பூட்டு அல்லது குழந்தை முகம் போன்ற ஒரு சின்னம் எரிகிறதா? குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்தால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மெஷின் பதில் சொல்லாது; மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் பல மெஷின்களில் அது அப்படியே இருக்கும். பெரும்பாலும் குறிப்பிட்ட ஒன்றிரண்டு பொத்தான்களை மூன்று வினாடி சேர்த்து அமுக்கினால் நீங்கும். எந்தப் பொத்தான்கள் என்பதை அவற்றின் கீழேயே சின்னமாக அச்சிட்டிருப்பார்கள். திரையில் எழுத்துக் குறி ஏதும் வந்தால் அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்ஜி மெஷின்களில் ‘ஓ.ஈ.’ என்பதும், சாம்சங்கில் ‘5சி’ அல்லது ‘5ஈ’ என்பதும் தண்ணீர் வெளியேறவில்லை என்பதைச் சொல்கின்றன. அப்படி வந்தால் கதவை மறந்துவிட்டு நேராக வடிகட்டிக்குப் போகலாம்.

குறி எதுவும் இல்லை, தண்ணீரும் தெரியவில்லை என்றால் மெஷினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வாருங்கள். சூட்டு வகைப் பூட்டு அதற்குள் ஆறியிருக்கும். மின்சுற்றுப் பலகையும் குழப்பம் நீங்கிப் புதிதாகத் தொடங்கும். திரும்பப் பிளக்கைப் போட்டு, பிழியும் சுற்றையோ தண்ணீர் வெளியேற்றும் சுற்றையோ மட்டும் ஓடவிட்டு முடியும்வரை பாருங்கள்.

அப்போதும் திறக்கவில்லையா? கையால் கதவைப் பூட்டுப் பக்கமாக உள்நோக்கி நன்றாக அமுக்கியபடி கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். போர்வையும் சாரங்களும் திணித்து நிரப்பிய மெஷினில், நனைந்த துணி கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த இழுவிசையில் கொக்கி இறுகிப்போய், ஊசி விலக வழியில்லாமல் நிற்கும். உள்ளே அமுக்கினால் இறுக்கம் தளர்ந்து ‘டக்’ என்று விடும். இழுக்க வேண்டும் என்று நினைக்கிற இடத்தில் அமுக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு இதைத் தொலைபேசியிலேயே சொல்லித் திறக்க வைத்திருக்கிறேன்.

தண்ணீர் தெரிந்தால் வேலை கீழே. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். இதில் சமரசம் வேண்டாம். முதலில் பின்பக்கக் கழிவுக் குழாயைப் பாருங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளியபோது அது மடிந்திருக்கலாம். மார்கழி மழையில் முற்றத்துக் கானே நிரம்பிக் கிடந்தால் குழாயின் வாய் சேற்றுக்குள் புதைந்திருக்கலாம். குழாயை அதன் கொளுவியிலிருந்து விடுவித்து நுனியைத் தரைமட்டத்தில் ஒரு வாளிக்குள் தாழ்த்தினால், அடைப்பு இல்லாதபோது தண்ணீர் தானாகவே இறங்கிவரும். வராவிட்டால் அடைப்பு பெரும்பாலும் வடிகட்டியில் இருக்கிறது.

வடிகட்டி மெஷினின் முன்பக்கக் கீழ் மூலையில் சிறு மூடிக்குப் பின்னால் இருக்கும். பல மெஷின்களில் அதன் அருகிலேயே விரல் தடிப்பில் ஒரு சிறிய ரப்பர் குழாயும் அடைப்பானோடு இருக்கும். முதலில் அதைத் திறந்து, தட்டையான பாத்திரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தெடுங்கள். சுடுநீரில் தோய்த்திருந்தால் ஆறிய பிறகே இதைச் செய்யுங்கள். தண்ணீர் முழுவதும் வந்தபின் வடிகட்டியின் குமிழை இடப்பக்கமாகத் திருப்புங்கள். வருடக்கணக்கில் திறக்காதது என்றால் இலகுவில் கிறுகாது. பழந்துணியால் பற்றிப் பொறுமையாகத் திருப்ப வேண்டும். இடுக்கியால் பிடித்து முறித்தால் அந்த முறிந்த குமிழே அடுத்த சிக்கலாகிவிடும். உள்ளே நாணயம், ஊசி, தலைமுடி, தும்பு, சட்டைப் பொத்தான், பாசிக்குடாவுக்குப் போய்வந்த பிள்ளையின் காற்சட்டைப் பையிலிருந்த மணல் எல்லாம் கிடைக்கும். வடிகட்டி இருந்த துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் சிறு சக்கரம் தெரியும். ஒரு குச்சியால் தொட்டால் சற்றே தடுக்கித் தடுக்கிச் சுற்ற வேண்டும். அது காந்தத்தின் இயல்பு, பழுது அல்ல. முடியோ நூலோ சுற்றிக் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

பூட்டுதான் பழுதென்றால்

சில வேளைகளில் பூட்டே பழுதாகத்தான் செய்யும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிறோம். உப்புக் காற்று செம்பு முனைகளை அரித்துப் பச்சையாக்கிவிடுகிறது. பின்வராந்தாவில் வைத்த மெஷின்களில் இதை அதிகம் காண்கிறேன். அடிப்புறம் திறந்த மெஷினுக்குள் எலி நுழைந்து கம்பியைக் கடித்துவிடுவதும் உண்டு. ‘டக் டக்’ என்று பல தடவை சத்தம் கேட்டும் திறக்கவில்லை என்றால் துடிப்பு வருகிறது, பூட்டின் பொறி சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் துடிப்பே வரவில்லை. கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று வந்தால் பூட்டு நல்லது, கைப்பிடிக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் துண்டு உடைந்திருக்கிறது.

துணியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் அவசர வழிகள் இரண்டு உண்டு. தண்ணீர் முழுவதும் வடிந்து, பிளக் கழன்று, டிரம் அசையாமல் நிற்கும்போது மட்டும்தான். பல மெஷின்களில் வடிகட்டி மூடிக்குப் பின்னால் ஒரு சிறு பிளாஸ்ரிக் நாடா தொங்கும். பெரும்பாலும் செம்மஞ்சள் நிறம். அதை மெதுவாகக் கீழே இழுத்தால் கதவு விடும். இந்த வசதி உண்டென்றே பலருக்குத் தெரியாது. இன்றைக்கே ஒரு தடவை குனிந்து உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

அந்த நாடா இல்லாத மெஷினுக்கு நம் கரையோர வீடுகளில் எப்போதும் கிடக்கும் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், உதவும். ஒரு மீற்றருக்கு மேல் எடுத்து, கதவுக்கும் முகப்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் பூட்டுப் பக்கமாக நுழைத்து, கொக்கிக்குப் பின்னால் போகும்படி மேலும் கீழுமாக இறக்குங்கள். பிறகு இரண்டு முனையையும் பிடித்து, கதவின் கீல் இருக்கும் திசைக்கு எதிராக இழுக்காமல், கொக்கி விலகும் திசையில், அதாவது கீல் பக்கமாக, நிதானமாக இழுக்க வேண்டும். எல்லா மெஷினிலும் இது பலிக்காது. பலித்த வீடுகளில் கதவில் ஒரு கீறலும் விழவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அப்படிச் சொல்ல முடியாது. முகப்புத் தகடு நெளியும், ரப்பர் வளையம் கிழியும், பூட்டை மாற்றிய பிறகும் அந்த வளையத்தால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும்.

இவை எதற்கும் அசையவில்லை என்றால் திருத்துநரை அழையுங்கள். அழைக்கும்போது “கதவு திறக்கவில்லை” என்று மட்டும் சொல்ல வேண்டாம். மெஷினின் பின்பக்கத்திலோ கதவின் உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கம், திரையில் தெரிந்த குறி, உள்ளே தண்ணீர் நிற்கிறதா இல்லையா, ‘டக்’ சத்தம் கேட்கிறதா இல்லையா, இந்த நான்கையும் சொல்லுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர் என்றால் இன்னும் கவனமாகச் சொல்லுங்கள். அங்கே வந்து பார்த்துவிட்டு, பொருத்தமான பூட்டுக்காகத் திரும்பவும் பாலம் தாண்டிப் போய், கடையில் இல்லாமல் கொழும்பிலிருந்து எடுப்பித்து வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். மாதிரி இலக்கம் முன்கூட்டியே கையில் இருந்தால் முதல் பயணத்திலேயே பூட்டையும் பையில் போட்டுக்கொண்டு வர முடியும்.